மலிவு ஸ்பிரிட் அடுப்பை மலைக்கேற்ப எரிய வைப்பது: முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில் கூடாரம் அடிக்கப் போகிறவர்களுக்கு நடையைவிடச் சமையல்தான் பெரிய தலைவலி. கூடாரத்துக்குள் மடித்து வைக்கிற அளவுக்குச் சின்ன கேஸ் டின் தேடி ஹட்டனிலும் அப்புத்தளையிலும் கடை கடையாக ஏறி இறங்கினாலும் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. விறகு என்று பார்த்தால், கவ்வாத்து மிலாறு (தேயிலைச் செடியில் வெட்டிப்போட்ட குச்சி) மழையில் நனைந்துவிட்டால் புகை மட்டும்தான் வரும். தேசியப் பூங்காவிலும் ஒதுக்கக் காட்டிலும் விறகு பொறுக்கக்கூடாது. மண்ணெண்ணெய் அடுப்பு பாரம், பைக்குள் ஒழுகினால் உடுப்பு, அரிசி எல்லாம் நாறிப்போகும். ஆகவே உள்ளங்கை அளவு பித்தளைக் கிண்ணமும் ஒரு போத்தல் ஸ்பிரிட்டும் இந்த மலைக்குப் பொருத்தமான ஏற்பாடு.

ஆனால் மலிவாக வாங்கிய அடுப்பைப் பற்றி வரும் முறைப்பாடுகள் எல்லாம் ஒரே மாதிரிதான்: தண்ணி கொதிக்கவே இல்லை, ஸ்பிரிட் குடித்துத் தீர்க்கிறது, சட்டி கரி பிடிக்கிறது. பெரும்பாலும் குற்றம் கிண்ணத்தில் இல்லை. காற்று, சட்டிக்கும் கிண்ணத்துக்கும் உள்ள இடைவெளி, கீழேயுள்ள ஈரத்தரை, ஸ்பிரிட்டின் தரம் ஆகிய இந்த நான்கையும் சரிப்படுத்தினால் மலிவு அடுப்பு, விலை கூடிய அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதனால் புது அடுப்பு வாங்க யோசிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கணக்கு முதலில்

அரை லீற்றர் தண்ணியை 15 பாகை செல்சியஸிலிருந்து நுவரெலியாவில் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பம் ஏறத்தாழ 165 கிலோஜூல். 95 சதவீத எதனோல் ஸ்பிரிட் ஒரு மில்லிலீற்றர் எரிந்தால் கிட்டத்தட்ட 20 கிலோஜூல் தரும். ஆக, ஒரு துளி வெப்பமும் வீணாகாவிட்டால் 8 மி.லி. போதும். நடைமுறையில் நல்ல காற்றுத் தடுப்போடு 15 முதல் 20 மி.லி. போகும். தடுப்பில்லாமல் திறந்த மேட்டில் வைத்தால் 40 மி.லி. எரிந்தும் தண்ணி ஆவி விட்டுக்கொண்டே இருக்கும், கொதிக்காது. எட்டுக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் இந்த வழிகாட்டியின் வேலை முழுவதும் இருக்கிறது.

மருந்து ஊற்ற உதவும் 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்றை ஊசியில்லாமல் பார்மசியில் வாங்கிக்கொள்ளுங்கள். அளந்து ஊற்றாதவருக்கு எந்த மாற்றம் பலன் தந்தது, எது தரவில்லை என்று தெரியவே வராது.

கிண்ணத்தைச் சோதிப்பது

கடைகளில் வருகிற மலிவு அடுப்புகளில் பெரும்பாலானவை சுவீடன் நாட்டு ட்ராஞ்சியா கிண்ணத்தைப் பார்த்துச் செய்த பிரதிகள். இரட்டைச் சுவர், மேல் விளிம்பில் சுற்றிவரச் சின்னத் துளைகள், ரப்பர் வளையம் போட்ட திருகுமூடி, தீயைக் குறைக்க நடுவில் திறந்து மூடும் தகடு. வேலை செய்யும் விதம் எளிது. ஸ்பிரிட் உள்சுவரின் அடியிலுள்ள துளை வழியாக இரண்டு சுவருக்கும் நடுவே புகுந்து நிற்கும். நடுவில் எரிகிற தீ சுவரைச் சூடாக்க, அந்த ஸ்பிரிட் ஆவியாகி மேல் துளைகளால் பீறிட்டு வந்து எரியும்.

வாங்கியவுடன் செய்ய வேண்டியவை சில. முதலில் மேல் துளைகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளையிட்டபோது ஒதுங்கிய பித்தளைப் பிசிறு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் தீ வராது. தையல் ஊசியால் மெதுவாகக் குத்தி எடுங்கள். துளையைப் பெரிதாக்க வேண்டாம். பெரிதானால் அழுத்தம் குறைந்து பீறல் போய்விடும், அதைத் திருப்பிச் சிறிதாக்க வழியில்லை. இரண்டாவது, கிண்ணத்தில் தண்ணி ஊற்றி மூடியை இறுக்கி ஒரு வெள்ளைத் தாளின் மேல் இரவு முழுக்கக் கவிழ்த்து வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் ரப்பர் வளையத்தை மாற்றவேண்டும். குழாய் வேலைக்கு விற்கும் வளையங்களில் அளவு பார்த்து எடுக்கலாம். மூன்றாவது, முதல் தடவை எரிப்பதை வீட்டுக்கு வெளியே எரியுங்கள். தொழிற்சாலை எண்ணெய் பிசுபிசுத்து நாறும், அதன் மேல் முதலாவது தேத்தண்ணி போட வேண்டாம்.

ஸ்பிரிட்: அதிகம் பேர் பிழைவிடுகிற இடம்

மரச்சாமான் பொலிஷ் செய்கிறவர்கள் அரக்குப் பொலிஷ் கரைக்க வாங்குவது மெதிலேட்டட் ஸ்பிரிட். இந்த அடுப்புக்கு ஏற்றதும் அதுதான். அதில் பெரும்பங்கு எதனோல், குடிக்காமலிருக்க நஞ்சு கலந்தது. ஹார்ட்வெயார் கடையில் கேட்கும்போது ‘பொலிஷ் போடுகிற ஸ்பிரிட்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். தின்னரையும் டர்பன்டைனையும் எடுத்துத் தந்துவிடுவார்கள். இரண்டும் இந்தக் கிண்ணத்துக்கு ஆகாது: கரும்புகை விட்டு எரியும், தீ உங்கள் கட்டுப்பாட்டில் நிற்காது. பெற்றோலை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

பார்மசி சர்ஜிகல் ஸ்பிரிட் எரியும், ஆனால் போத்தலுக்குப் போத்தல் வேறுபடும். பிரிட்டிஷ் முறைப்படி செய்த சிலவற்றில் ஆமணக்கெண்ணெயும், வலிக்குப் பூசும் தைலத்தில் மணக்கிற மெதில் சலிசிலேற்றும் சேர்ந்திருக்கும். எண்ணெய் எரியாமல் கிண்ணத்தின் சுவரில் பிசினாகப் படிந்து துளையை அடைக்கும். மூடியைத் திறந்து முகர்ந்தால் தைல வாசனை வந்தால் வாங்க வேண்டாம். லேபலில் 70 சதவீதம் என்றிருப்பது மீதி 30 பங்கு தண்ணி என்பதைச் சொல்கிறது. அந்தத் தண்ணியையும் உங்கள் ஸ்பிரிட்தான் சூடாக்கி ஆவியாக்க வேண்டும். கைகழுவும் ஜெல்லில் கெட்டிப்படுத்தும் பொருள் இருப்பதால் இரட்டைச் சுவருக்குள் அது ஏறவே ஏறாது. சாராயத்தை ஊற்றிப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 40 சதவீதத்துக்குக் கீழே உள்ள எதுவும் மலைக்குளிரில் நெருப்புக்குச்சிக்கே பிடிக்காது.

பெயரில்லாத போத்தல் கிடைத்தால் இரண்டு சோதனை போதும்.

ஒன்று, கரண்டிச் சோதனை. எவர்சில்வர் மேசைக்கரண்டியைச் சமமான கல்லில் வைத்து, அதில் 10 மி.லி. ஊற்றிப் பற்றவைத்து, காற்றில்லாத இடத்தில் தானாக அணையும்வரை பார்த்துக்கொண்டிருங்கள். நல்ல ஸ்பிரிட் கடைசிவரை நீலமாக, விளிம்பில் மட்டும் மெல்லிய மஞ்சளோடு எரிந்து, அணைந்த பிறகு கரண்டியில் ஈரத்தடம் மட்டும் விட்டுப்போகும். தண்ணி கலந்தது பாதியிலேயே தள்ளாடத் தொடங்கும். தீ ஓரமாக ஒதுங்கி, பொத்பொத்தென்று அடங்கி அணைந்து, ஒரு தேக்கரண்டி தெளிந்த தண்ணி மிஞ்சும். எரியும்போதே தண்ணியிலும் கொஞ்சம் ஆவியாகிப் போவதால், மிஞ்சியது உண்மையில் கலந்திருந்ததைவிடக் குறைவு என்பதை நினைவில் வையுங்கள். விரலில் ஒட்டுகிற பிசுக்கு மிஞ்சினால் எண்ணெய் சேர்ந்தது.

மற்றது உப்புச் சோதனை. ஐசோபுரோப்பைல் அல்ககோலும் ஸ்பிரிட் என்ற பெயரில் வரும். வெப்பம் நன்றாகத் தரும், ஆனால் மஞ்சளாக எரிந்து சட்டியைக் கரியாக்கும். சின்னக் கண்ணாடிப் போத்தலில் மூன்று பங்கு ஸ்பிரிட், ஒரு பங்கு தண்ணி, ஒரு தேக்கரண்டி உப்பு போட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். எண்ணெயும் தண்ணியும் போல இரண்டு படையாகப் பிரிந்தால் அது ஐசோபுரோப்பைல். எதனோல் சமையல் உப்புக்குப் பிரியாது. சோதித்ததைக் கழுவி ஊற்றிவிடுங்கள்.

மெதனோல் மட்டும் கொண்ட எரிபொருளைத் தவிருங்கள். எதனோலின் வெப்பத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் அதில் உண்டு, ஆவியும் நஞ்சு, தோலாலும் உடம்பில் ஏறும்.

சுத்தமான ஸ்பிரிட் கிடைத்தும் சட்டி கறுத்தால் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு தண்ணி சேர்த்துப் பாருங்கள். கரி குறையும், கொதிக்கிற நேரம் கொஞ்சம் கூடும். அதற்கு மேல் சேர்க்க வேண்டாம். பனிமூட்டத்தில் போத்தலைத் திறந்து வைத்தாலும் ஸ்பிரிட் காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும், ஆகவே ஊற்றிய கையோடு மூடுங்கள்.

டின்னில் அடுப்புக்கூடு செய்வது

மலிவு அடுப்போடு வரும் மூன்றுகால் தாங்கி, நிற்பதற்கு மட்டுமே உதவும். காற்றைத் தடுக்காது, இடைவெளியும் அடுப்புக்குப் பொருந்தாது. நாமே செய்வது நல்லது. டின்மீன் டின் கைக்குக் கிடைக்கும், ஆனால் 425 கிராம் டின்னின் அகலம் ஏறத்தாழ 7.4 செ.மீ. இந்தக் கிண்ணங்களும் கிட்டத்தட்ட அதே அகலம் என்பதால் உள்ளே இறங்காது, இறங்கினாலும் மூச்சடைக்கும். குழந்தைப் பால்மா வருகிற 400 கிராம் டின், குறுக்கே சுமார் 10 செ.மீ., சரியாக அமையும்.

அடுப்பின் உயரத்தை அளந்து அதோடு 3 செ.மீ. கூட்டுங்கள். கிண்ணம் 4.5 செ.மீ. என்றால் டின்னை 7.5 செ.மீ. உயரத்தில் வெட்ட வேண்டும். டின்னின் அடித்தகட்டை வெட்டி எறியாதீர்கள். சிந்துகிற ஸ்பிரிட்டை அது பிடித்துக்கொள்ளும், புல்லில் தீ இறங்காது. வெட்டிய விளிம்பு சவரத்தகடு மாதிரி இருக்கும். அரத்தால் தேய்த்து மழுக்குங்கள், கையுறை போட்டே வேலை செய்யுங்கள்.

பிறகு துளைகள். அடியிலிருந்து ஒரு விரல் உயரத்துக்குள், 10 மி.மீ. அளவில், இரண்டு வரிசையாக, ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி மொத்தம் 20 துளை. இதனால் காற்று உள்ளே போகும். மேல் விளிம்புக்கு ஒரு சென்றிமீற்றர் கீழே சுற்றிவர 16 துளை. எரிந்த காற்று வெளியேறுவது இதனால். மேலே துளையில்லாமல் சட்டியை வைத்தால் டின் மூடிய போத்தல் ஆகிவிடும், தீ அணையும் அல்லது அடித்துளையால் நாக்கு நீட்டும். உள்ளே ஒரு மரக்கட்டையைச் செருகி, அதன் மேல் டின்னை வைத்து வெளியிலிருந்து ஆணி அடித்துத் துளையிட்டால் டின் நசுங்காது. ஆணித்துளையை வட்ட அரத்தால் பெரிதாக்கலாம்.

துளை எத்தனை என்பதில் கஞ்சம் பிடிக்காமலிருக்க ஒரு காரணம் உண்டு. 2,100 மீற்றருக்கு மேலே உள்ள ஹோர்டன் சமவெளியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதே துளையால் போகிற காற்றில் அந்த அளவுக்கு ஒட்சிசனும் குறையும். கொழும்பில் நீலமாக எரிந்த கூடு, சமவெளிக்குக் கீழேயுள்ள ஒஹியாவுக்கு மேலே போனதும் மஞ்சளாவது இதனால்தான். வீட்டில் சோதித்து ‘போதும்’ என்று தோன்றிய பிறகும் அடியில் நாலு துளை கூடப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டின்னின் வெளிப்பக்கப் பெயின்றும் உள்பூச்சும் முதல் எரிப்பில் புகையும். அதையும் வெளியிலேயே ஒருமுறை எரித்து முடியுங்கள்.

இடைவெளி 3 செ.மீ. என்றது தொடக்கம் மட்டுமே. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தீயின் உயரம் வேறு. அதே 400 மி.லி. தண்ணி, அதே 20 மி.லி. ஸ்பிரிட், மூடி போட்ட அதே சட்டி என்று வைத்துக்கொண்டு, கிண்ணத்தின் அடியில் தகட்டுத் துண்டுகளைச் செருகி 2.5, 3 ஆகிய இரண்டு இடைவெளியிலும் நேரம் பாருங்கள். சட்டியடியில் கரி படிந்தால் தீ எரிந்து முடியும் முன்னே குளிர்ந்த உலோகத்தில் மோதுகிறது, இடைவெளியைக் கூட்டுங்கள். கரியில்லை ஆனால் மெதுவாகக் கொதிக்கிறது என்றால் குறையுங்கள். கூடு வெட்டிய பிறகு உயரத்தைக் கூட்ட முடியாது, அதனால் முதலில் 8.5 செ.மீ. வெட்டி, தகட்டுத் துண்டுகளால் சோதித்து, முடிவானதும் மிச்சத்தைக் குறைப்பது புத்தி.

வெளித்தடுப்புக்குக் கூரை வேலைக்கு வரும் மெல்லிய அலுமினியத் தகடோ, பேக்கரி அலுமினியத் தட்டோ போதும். உயரம் சட்டியின் பாதி வயிறுவரை, ஏறத்தாழ 12 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலச் சட்டிக்கு 55 செ.மீ.; வளைத்தால் சட்டியைச் சுற்றி ஒரு சென்றிமீற்றர் இடைவெளி விட்டு, முனைகள் ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறி நிற்கும். அந்த ஒரு சென்றிமீற்றர் முக்கியம். வெப்பக்காற்று சட்டியின் பக்கத்தைத் தடவிக்கொண்டே மேலே போகிறது. இரண்டு மூன்று சென்றிமீற்றர் விட்டால் தொடாமலே போய்விடும். அடியில் காற்றுத்துளைகளை ஒரு பாதியில் மட்டும் போடுங்கள். அந்தப் பக்கத்தைக் காற்றுக்கு முதுகு காட்டி வையுங்கள்.

பற்றவைப்பது

தரையைப் பாருங்கள் முதலில். பத்தனைப் புல்லும் (மலைவெளிப் புல்) நனைந்த மண்ணும் கிண்ணத்தின் சூட்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். சுவர் சூடாகாவிட்டால் பீறல் தொடங்காது. உள்ளங்கையளவு காய்ந்த பலகைத் துண்டை அலுமினியத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கூடு அதன் மேல் நிற்கட்டும்.

அடுத்தது ஸ்பிரிட்டின் குளிர். 95 சதவீத எதனோல் நெருப்புக்குச்சிக்கு உடனே பிடிக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 17 பாகை சூடு வேண்டும். தை, மாசியில் நுவரெலியாவிலும் ஹோர்டன் சமவெளியிலும் விடியற்காலையில் புல் நுனியில் உறைபனி வெள்ளையாக இருக்கும். அந்த நேரத்தில் வெளியே கிடந்த ஸ்பிரிட் குச்சியைத் தண்ணிபோல அணைத்துவிடும். அன்று காலைக்கு வேண்டிய ஸ்பிரிட்டை இறுக்க மூடிய சின்னப் போத்தலில், உறைபோட்டு, தூங்கி எழுந்ததும் ஜெக்கட்டின் உள்பையில் கால் மணிநேரம் வைத்திருங்கள். அதுவும் பிடிக்காவிட்டால் பஞ்சுத்துணி நூலைத் திரிபோலக் கிண்ணத்தின் விளிம்பில் தொங்கவிட்டு நுனியைக் கொளுத்துங்கள்.

சிரிஞ்சால் 20 மி.லி. ஊற்றி, கூட்டுக்குள் இறக்கி, நீளக் குச்சியால் கொளுத்துங்கள். முதலில் நடுவில் மட்டும் சோம்பலாக ஒரு தீ. காதைக் கொடுத்தால் சத்தமே இல்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம் போனதும் உள்ளே மெல்லிய கொதிசத்தம் கேட்கும். பிறகு விளிம்பில் ஒரு துளை நீலமாகப் பற்றும், பக்கத்தில் இன்னொன்று, சட்டென்று சுற்றிவர எல்லாம் பூப்போல விரியும். அதற்குப் பிறகு சட்டியை ஏற்றுங்கள். குளிரில் இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகலாம். பொறுமையில்லாமல் முன்னதாகவே சட்டியை வைத்தால் தீ பூக்கத் தாமதமாகும்.

மூடி கட்டாயம். மூடியில்லாத சட்டி, ஆவியாகப் போகும் வெப்பத்துக்கு நீங்கள் ஸ்பிரிட் வாங்கிக் கொடுப்பது. உயரமான ஒடுங்கிய கேத்தலைவிட அடி அகலமான சட்டி தீயை நன்றாக வாங்கும்.

பகல் வெயிலில் இந்தத் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரிட் ஊற்றுவதுதான் இந்த அடுப்பில் நடக்கும் மிக மோசமான விபத்து: போத்தலுக்குள் தீ ஏறி, ஊற்றுகிறவர் மேலும் எதிரில் உட்கார்ந்தவர் மேலும் எரிகிற திரவம் பாயும். அடுப்பு அணைந்து, ஆறி, கிண்ணத்தை வெறும் விரலால் தூக்க முடியும்வரை மறுபடி ஊற்றாதீர்கள். பிள்ளைகள் சுற்றி நிற்கும்போது இதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

அணைக்க ஊத வேண்டாம். தீக்குறைப்புத் தகட்டை மூடிய நிலையில் நீளக் கரண்டியாலோ இடுக்கியாலோ மேலே இறக்குங்கள், அல்லது பெரிய டின் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். ரப்பர் வளையமுள்ள திருகுமூடி இந்த வேலைக்கில்லை; சூட்டில் வளையம் உருகிச் சுருங்கிவிடும், அன்றிலிருந்து பைக்குள் ஒழுகும். மிஞ்சிய ஸ்பிரிட்டைப் பெரிய போத்தலில் திருப்பி ஊற்றக்கூடாது. அல்ககோல் முந்தி எரிந்து போவதால் மிச்சத்தில் தண்ணியின் பங்கு கூடியிருக்கும். நல்லதையும் அது கெடுக்கும். அடுத்த வேளை தேத்தண்ணிக்கு அதை முதலில் எரித்து முடியுங்கள்.

உயரத்தில் சமைப்பது

ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் தண்ணி கொதிக்கும் வெப்பநிலை ஒரு பாகை குறையும். 1,271 மீற்றரிலுள்ள ஹட்டனில் 96 பாகைக்குச் சற்றுக் கீழே, 1,868 மீற்றரிலுள்ள நுவரெலியாவில் 94 அளவில், ஹோர்டன் சமவெளியில் 93. தேத்தண்ணிக்கு இது குறையில்லை, சாயம் இறங்க ஒரு நிமிடம் கூட விடுங்கள். அரிசிக்கும் பருப்புக்கும்தான் சோதனை. எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணி அந்தச் சூட்டைத் தாண்டாது, அதனால் தீயைக் கூட்டுவதில் பயனில்லை, நேரத்தைக் கூட்ட வேண்டும். நேரத்துக்கு ஸ்பிரிட் செலவழிக்காமலிருக்கும் வழி, கம்பளி.

மைசூர்ப் பருப்பை அரை மணிநேரம் ஊறவையுங்கள். கொதிவந்ததும் தீக்குறைப்புத் தகட்டை மூன்றில் ஒரு பங்கு திறந்த நிலையில் போட்டு ஐந்து நிமிடம் மெல்ல எரியவிட்டு, பிறகு இறக்கி மூடியோடு கம்பளித் துணியிலும் அதன் மேல் ஜெக்கட்டிலும் இறுக்கச் சுற்றி 25 நிமிடம் வையுங்கள். பருப்பு உள்ளேயே வெந்துவிடும். சோறும் இப்படியே வரும், பச்சரிசி சீக்கிரம். நெத்தலி, மாசிச்சம்பல், பாண் என்று சூடு வேண்டாத துணை உணவுகளைக் கீழேயிருந்து கொண்டுபோனால் ஒரு சட்டியே போதும்.

இரண்டு பேருக்கு ஒரு நாள் கணக்கு: காலைத் தேத்தண்ணிக்கு 20 மி.லி., பகல் நூடில்ஸ் 25, இரவு சோறும் பருப்பும் 45, படுக்கும் முன் இஞ்சி பிளேன்டி (பாலில்லாத தேத்தண்ணி) 20. மொத்தம் 110. இரண்டு நாளுக்கு 220, காற்றுக்கும் சிந்தலுக்கும் சேர்த்து 300 மி.லி. கொண்டுபோங்கள்.

பிழைகளும் காரணங்களும்

தீ நன்றாக இருந்து பாதியில் திடீரென்று உயர்ந்து மஞ்சளாகிச் சீறினால், கிண்ணம் அளவுக்கு மீறிச் சூடாகி ஸ்பிரிட் உள்ளேயே கொதிக்கிறது. வெளித்தடுப்பு மிக நெருக்கம் அல்லது அடித்துளை குறைவு. தடுப்பை முதலில் திறந்துவிடுங்கள், குனிந்து பார்க்க வேண்டாம். கிண்ணத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பினாலும் இதே நடக்கும்.

ஒரு பக்கத் துளைகள் மட்டும் எரிந்தால் முதலில் கிண்ணம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அடைப்பை. எதுவுமே பூக்காமல் நடுத்தீ மட்டும் எரிந்தால் ஈரத்தரை, குளிர்ந்த ஸ்பிரிட், தண்ணி கலந்த ஸ்பிரிட் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். நடுவிலுள்ள தீ அடிக்கடி துடித்து அடங்கி எழுந்தால் காற்று தடுப்பின் மேலிருந்து உள்ளே விழுகிறது. மேட்டு விளிம்பில் சுழல்காற்று அப்படித்தான் அடிக்கும், தடுப்பை மாற்றுவதைவிட அடுப்பை நாலடி கீழே கொண்டுபோவது இலகு.

தீயும் நஞ்சும்

ஊவாப் பக்கத்தில் கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் மாதங்களிலும், மத்திய மலையில் தை முதல் பங்குனி வரையிலும் பத்தனையும் மானாப்புல்லும் சருகாகக் காய்ந்திருக்கும். கவிழ்ந்த ஒரு கிண்ணம் மலைச்சரிவு முழுவதையும் எரிக்கப் போதும். பாறையிலோ வெறும் மண்ணிலோ மட்டும் வையுங்கள், சுற்றி ஒரு மீற்றர் சருகு துப்புரவாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு லீற்றர் தண்ணி திறந்தபடி நிற்கட்டும். ஸ்பிரிட் தண்ணியில் கலப்பதால் மண்ணெண்ணெய்த் தீயைப்போல மிதந்து பரவாது. தாராளமாகத் தண்ணி ஊற்றினால் அணையும். கொஞ்சமாகத் தெளித்தால் சிதறும். கிண்ணத்துக்குள் மட்டும் தீ என்றால் மூடி அணைப்பதே மேல். கை சுட்டால் ஓடும் தண்ணியில் 20 நிமிடம் பிடியுங்கள், பற்பசை பூச வேண்டாம்.

ஹோர்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே தங்க வனஜீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு வனத் திணைக்களத்தின் அனுமதி. பதிவு செய்யும்போதே ஸ்பிரிட் அடுப்பு எரிக்கலாமா, எந்த இடத்தில் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கூடாரத்தின் உள்ளே எரிக்காதீர்கள், மழை எவ்வளவு அடித்தாலும். துணி பிடிப்பது ஒருபக்கம், மூடிய இடத்தில் காபன் மொனொக்சைட் வாசனையில்லாமல் சேரும் என்பது மறுபக்கம்.

ஸ்பிரிட்டைத் தண்ணிப் போத்தலிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. இருட்டில் தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிடுவார்கள், பிள்ளைகள் பகலிலேயே குடிப்பார்கள். தடித்த பிளாஸ்ரிக் மருந்துப் போத்தலில், கழுத்தில் சிவப்பு டேப் சுற்றி, ‘நஞ்சு’ என்று பெரிதாக எழுதி வையுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்க வைக்காமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஸ்பிரிட்டில் நஞ்சாகக் கலந்திருக்கக்கூடிய மெதனோலின் பாதிப்பு பன்னிரண்டு மணிநேரத்துக்குப் பிறகும் தெரியவரலாம், பார்வையைப் பறிக்கும். ‘ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று காத்திருக்கக்கூடாது.

வீடு திரும்பிய பிறகு

மிச்ச ஸ்பிரிட்டை எரித்து முடித்து, கிண்ணத்தை வெந்நீரில் அலசி, மூடியைப் போடாமல் கவிழ்த்து இரண்டு நாள் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் சுவர்களுக்கு நடுவே பச்சைக் களிம்பு பிடித்து அடித்துளை அடையும். ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாக ஒரு தாளில் மடித்துக் கிண்ணத்துக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பால்மா டின் கூடு மூன்று நான்கு பயணத்தில் துருப்பிடிக்கும். அடித்தகட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை கண்டாலும் புதிதாக ஒன்று வெட்டுங்கள், பழையதிலிருந்து துளை அளவுகளைத் தாளில் குறித்துக்கொண்ட பிறகு.